பைபாஸ் ஆனவரின் நெஞ்சுவலி

1975-ஆம் ஆண்டில் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் சஸ்திர சிகிச்சையைச் செய்தபோது அபூர்வமாகத் தோன்றிய காரியம், இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் உதவியால், திண்டிவனத்துப் பக்கம் மணிலா பயிரிடுகிறவருக்கும் விழுப்புரம் ஜங்ஷனில் கடை வைத்திருப்பவருக்கும் எட்டக்கூடியதாகியிருக்கிறது. ஆனால் சென்னைக்கோ ஜிப்மருக்கோ சென்று சிகிச்சை பெற்றுத் திரும்பியவர், சில வருஷம் கழித்து மீண்டும் நெஞ்சில் இறுக்கம் கண்டால், 'ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே, இது வாயுதான்' என்று தீர்மானித்து ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுவது, பெரும் அபாயத்துக்கு இடம் கொடுப்பதாகும்.

பைபாஸ் என்பது அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு வேறு வழி அமைப்பதேயன்றி, அடைப்பை உண்டாக்கிய வியாதியை நிவர்த்தி செய்வதன்று. மார்பின் உட்புறத் தமனியைக் கொண்டு அமைத்த வழி 10 ஆண்டுகளுக்குப் பின்னும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்திருக்க, காலிலிருந்து எடுத்த சிரைகளில் ஏறத்தாழப் பாதி அதற்குள் அடைபட்டுவிடுகின்றன. நீரிழிவும் புகையும் இதைத் துரிதப்படுத்தும். ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் தாமாகவே நிறுத்துவதும் அப்படியே.

எல்லா வலியும் ஹிருதயத்தின் வலியன்று என்பதும் உண்மையே. இருமினாலும் புரண்டாலும் தொட்டாலும் வலித்தால், அது பெரும்பாலும் கம்பியிட்டுச் சேர்த்த மார்பெலும்பின் உபாதை. ஆனால் மாடியேறும்போது வந்து உட்கார்ந்தால் தணியும் இறுக்கம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. நீரிழிவு உள்ளவருக்கோ வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வரக்கூடும். டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை உட்கார்ந்தபடி நாவின் அடியில் வைத்தும் ஐந்து நிமிஷத்தில் தணியாவிட்டால், தாமதமின்றி 108-ஐ அழைக்க வேண்டும்.

அவசர நிலைக்கென 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே உயிர் காக்கும் மாத்திரைகளை வைத்திருப்பது போற்றத்தக்கது. விட்டுவிட்டு வரும் வலிக்கோ, அவசரத்தைவிடத் தொடர்ச்சியான கவனிப்பே தேவை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியிலும் வாரத்தில் ஒரு முற்பகலை பைபாஸ் ஆனவர்களுக்கென்றே ஒதுக்கி, எந்த நாளத்துக்கு எந்த ஒட்டு என்று கூறும் டிஸ்சார்ஜ் குறிப்பையும் பழைய ஈ.சி.ஜி.யையும் புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள், ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும்போதே, 'நடந்தால் நெஞ்சை அடைக்கிறதா?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம். காலத்தில் கண்டறிந்தால் பலருக்கு மருந்தே போதும். சிலருக்கு ஸ்டென்ட் தேவைப்படும். முதலாவதைவிட ஆபத்து மிகுந்த இரண்டாம் சஸ்திர சிகிச்சை வெகு சிலருக்கே. பெருந்தொகை கொடுத்து மார்பைத் திறக்க வழிசெய்யும் அரசாங்கத்துக்கு, ஓர் அறையும் ஒரு முற்பகலும் பெரிய செலவல்ல.