அரக்கன் யார்?

திகில் கதைகளும் அறிவியல் புனைகதைகளும் சாத்தானின் சரக்கு என்று மறையுரையில் முழங்குவது நமக்கு எளிது. பெற்றோர் தலையசைப்பர், பிள்ளைகள் தலைகுனிவர், வீடு திரும்பியதும் அதே பிள்ளைகள் அதே கதையை மறைவாகப் படிப்பர். குருக்களாகிய நாம் நெடுங்காலமாக இதைச் செய்து வருகிறோம். நாம் கண்டித்த நூல்களுள் எத்தனையை நாமே படித்தோம் என்று எவரும் நம்மைக் கேட்டதில்லை. கேட்டிருப்பின் விடையளிக்கக் கூசியிருப்போம்.

திருஅவை இவ்வாறு கண்ணை மூடிக்கொண்டு கண்டிக்கவில்லை. சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி 2ஆம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட ஆணை, தீமையைச் சித்திரிப்பதும் மனிதனை ஆழ்ந்து அறிய உதவக்கூடும் என ஏற்கிறது. அச்சித்திரிப்பு அறநெறிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. திரைப்படக் கலையின் நூற்றாண்டான 1995இல் வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டது. குருதி குடிக்கும் பிரபுவின் கதையான 'நொஸ்பெராட்டு', எந்திரப் பெண்ணைக் காட்டும் 'மெட்ரோபோலிஸ்', விண்வெளிக் கலத்தில் கணிப்பொறியே கொலை செய்யும் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றன. உரோமை பாராட்டிய கலைவகையை நம் பங்கு நூலகங்கள் அஞ்சுவானேன்?

இவ்வகை இலக்கியத்தின் தாய் எனத்தக்க ஒரு நூலையே எடுத்துக்கொள்வோம். 1815இல் இந்தோனேசியத் தீவொன்றில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடை பொய்த்தது. ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டினுள் அடைபட்டுக் கிடந்த சில நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென முடிவு செய்தனர். அவர்களுள் 18 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். தம் முதற்குழந்தையை முந்திய ஆண்டுதான் பறிகொடுத்திருந்தார். மேரி ஷெல்லி எனப் பின்னாளில் உலகம் அறிந்த அவர் அங்குத் தொடங்கிய கதையே 1818இல் 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் நூலாக வெளிவந்தது.

பிராங்கன்ஸ்டைன் என்பது அரக்கனின் பெயர் என்று பலர் எண்ணுகின்றனர். நூலைத் திறவாமலே தீர்ப்பிடுவோருக்கு நேரும் பிழை இது. அது அரக்கனை உண்டாக்கிய விஞ்ஞானியின் பெயர். அரக்கனுக்குப் பெயரே இல்லை; பெயர் சூட்ட எவரும் முன்வரவில்லை. விக்டர் பிராங்கன்ஸ்டைன் இறந்தோரின் உறுப்புகளைக் கொண்டு ஓர் உடலை அமைத்து உயிரூட்டுகிறான். அது கண் திறந்ததும் அதன் கோரம் கண்டு அருவருத்து ஓடிப்போகிறான். கைவிடப்பட்ட அவ்வுயிர், ஓர் ஏழைக் குடும்பத்தை மறைந்திருந்து கவனித்தே பேச்சையும் எழுத்தையும் கற்கிறது. அவர்களுக்காக இரவில் விறகு வெட்டி வைக்கிறது. பார்வையற்ற முதியவர் மட்டுமே அதனிடம் கனிவாகப் பேசுகிறார். கண்ணுள்ள மகனோ அதை அடித்து வீழ்த்துகிறான். இதன் பின்னரே அது கொலை செய்கிறது. படைத்தவன் தன் பொறுப்பைத் துறந்தான். மற்றவர் முகம் பார்த்துத் தீர்ப்பிட்டனர். தீமை பிறக்கும் வழியை நம் மறைக்கல்விப் பாடங்கள் இதனினும் தெளிவாகக் கூறுகின்றனவா?

நமக்காகவே எழுதப்பட்டது போன்ற பகுதியொன்றும் இந்நூலில் உண்டு. அவ்வரக்கன் விக்டரின் இளைய தம்பியைக் கொல்கிறான். பழியோ ஜஸ்டின் என்னும் பணிப்பெண்மீது விழுகிறது. அவள் குற்றமற்றவள், கத்தோலிக்கப் பெண். உண்மையை உணர்ந்த விக்டர், தன்னைப் பித்தன் என்பார்களோ என அஞ்சி வாய் திறவாதிருக்கிறான். ஒப்புரவு வழங்க வேண்டிய குருவானவரோ, குற்றத்தை ஏற்காவிடில் திருஅவையினின்று விலக்கப்படுவாய், நரகில் வீழ்வாய் என்று அவளை மிரட்டுகிறார். தான் அரக்கியோ என அவளே ஐயுறும் அளவுக்கு நெருக்குகிறார். பாவமன்னிப்புப் பெறுவதற்காக அவள் பொய்யாக ஒரு பாவத்தை அறிக்கையிட்டுவிட்டுத் தூக்கு மேடை ஏறுகிறாள்.

நூலாசிரியை கத்தோலிக்கர் அல்லர். குருக்கள்மீது அக்காலத்தவர் கொண்டிருந்த வெறுப்பு இதில் கலந்துள்ளது எனச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம்: நரகத்தைக் காட்டி மிரட்டிச் சிறுவரைப் பணிய வைத்ததே இல்லையா? ஒப்புரவுத் தொட்டியில் நடுங்கிய குரலில் பேசிய பிள்ளையிடம், இறைவனின் இரக்கத்தை விட்டுவிட்டு நம் கோபத்தைக் காட்டியதில்லையா? பேய்க்கதை எழுதுவோர் பிள்ளைகளை அச்சுறுத்துகிறார்கள் என்று குறை கூறும் நாம், அத்தொழிலில் அவர்களுக்கு மூத்தவர்கள்.

எல்லாத் திகில் கதைகளும் நல்லவை என நாம் வாதிடவில்லை. இதே கதை 1931இல் ஹாலிவுட்டில் படமானபோது நிகழ்ந்ததைப் பாருங்கள். விஞ்ஞானியின் உதவியாளன், நல்ல மூளை இருந்த கண்ணாடிக் கலத்தைத் தவறி உடைத்துவிட்டு, குற்றவாளி ஒருவனின் மூளையை எடுத்து வருகிறான். அப்படத்தில் இரக்கத்துக்குரிய காட்சிகள் உண்டெனினும், அந்த ஒரு மாற்றம் கதையின் அறத்தையே குலைக்கிறது. மூளை கெட்டது, ஆகவே அவன் கெட்டான். அவனை ஒழித்தால் ஊர் நலமாகும்! கைவிட்டவன், விரட்டியவன், வாய்மூடி நின்றவன் ஆகிய யாவரும் குற்றத்தினின்று விடுபட்டுவிடுகின்றனர்.

எனவே ஒரு திகில் கதையை அளக்கும் கோல் இதுவே: தீமையை அது எங்கே வைக்கிறது? வேற்றுக் கிரகத்திலும் சுடுகாட்டிலும் மட்டும் வைத்துவிட்டு, நம்மைச் சுத்தமானவர்களாக வீட்டுக்கு அனுப்பும் கதை பொய்க் கதை. இரத்தத்தைக் காட்டிக் காசு பார்க்கும் படமும் அவ்வாறே. சிறுவருக்கு அது ஆகாது என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. மனிதனைக் கறைப்படுத்துவது அவன் உள்ளத்தினின்றே புறப்படுகிறது என்று மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்தார். அந்த உள்ளத்தைத் திறந்து காட்டி அஞ்ச வைக்கும் கதை, தன்னை அறியாமலே நற்செய்திக்கு வழி திறக்கிறது.

அடுத்த முறை பிள்ளையொருவன் கையில் இத்தகைய நூலைக் கண்டால் பறிக்க வேண்டாம். முதலில் நாம் படிப்போம். பிறகு அவனருகே அமர்ந்து ஒரே கேள்வி கேட்போம்: 'இதில் அரக்கன் யார் தம்பி?' அவன் விடை நம்மைச் சுட்டுமாயின், அதைக் கேட்கும் துணிவும் நமக்கு வேண்டும்.