பழி கீசர் மேல் வேண்டாம்

கீசர் ஒரு நாள் கொதிக்கக் கொதிக்க, மறுநாள் வெதுவெதுப்பாகத் தருகிறதா? "தெர்மோஸ்டாட் போச்சு" என்று மெக்கானிக் சொன்னதும் தலையாட்டாதீர்கள். முதலில் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அதிலுள்ள சுண்ணாம்பு, சூட்டில் படிந்து காயிலை ஓடு போல மூடிவிடும். தெர்மோஸ்டாட் குழாய் மேலும் படிந்தால் சூடு அதற்குத் தாமதமாகவே எட்டும். கரண்ட் நேரம் தவறி நிற்கும், நேரம் தவறி வரும். புது தெர்மோஸ்டாட் போட்டாலும் அதே கதைதான்.

ஆண்டுக்கொரு முறை மெயினை அணைத்து, ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்திருந்தால் மாற்றுங்கள். புது கீசரைவிட இது மலிவு.

60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும். நம் வயதில் தோலும் மெல்லியது. சரியாகும்வரை ஷவர் வேண்டாம். வாளியில் விளாவி, கை வைத்துப் பார்த்துக் குளியுங்கள்.