தொப்புள்கொடி வியாபாரம்

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டின் காப்பித் தோட்டங்களிலிருந்து பிரசவத்துக்கு மலையிறங்கும் தாயின் கவலை ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வருமா என்பதுதான். நகரத்துத் தாயிடமோ இன்னொரு கவலையும் விற்கப்படுகிறது: ஸ்டெம் செல்கள் உள்ள பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தைக் காசு கட்டி உறையவைக்கும் 'காப்பீடு'. அந்தச் சொல்லே பிழை.

பழங்குடியினரிடையே மிகுதியாகக் காணப்படும் அரிவாள் செல் சோகையைப் பாருங்கள்; அதை ஒழிக்க மத்திய அரசு 2023-இல் தனி இயக்கமே தொடங்கியது. இந்நோயோடு பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே பழுதான மரபணுதான் இருக்கும். அதைத் திருத்தாமல் திருப்பிச் செலுத்திப் பயனில்லை. பயன்படுவது பொருந்தும் உடன்பிறப்பின் ஸ்டெம் செல். அந்த முழுப் பொருத்தத்துக்கான வாய்ப்போ நாலில் ஒன்று.

கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுக்கலாமா என்ற அறச்சண்டை 1998 முதல் உலகெங்கும் நடக்கிறது. 2006-இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா முதிர்ந்த செல்லையே ஸ்டெம் செல் போன்ற நிலைக்குப் பின்னோக்கித் திருப்பிக்காட்டி அதன் சூட்டைத் தணித்தார். நம் ஊர்ச் சிக்கல் வேறு: நிரூபணமாகாததை விற்பது. ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைத் தவிர மற்றவை ஆய்வு மட்டத்தில்தான் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இலேயே வரையறுத்தது. விளம்பரங்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

நிரூபணமான எலும்பு மஜ்ஜை மாற்றோ வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடக்கிறது. பற்றாக்குறை கொடையாளர்களுக்கே. கொடையாளராகப் பதியக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவினால் போதும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி இதற்கான பதிவு முகாமை ஏற்காட்டு மலைக்கிராமங்களிலும் நடத்த வேண்டும். ஏனெனில், உறவுக்கு வெளியே திசுப் பொருத்தம் பெரும்பாலும் சொந்தச் சமூகத்துக்குள்தான் அகப்படும்.