கப்பலில் ஏறினாலும் காபி போடுவது நாம்தானா?

சமீப காலமாக நம் ஊர்ப் பெண்கள் பேச்சில் புதுசாக ஒரு விஷயம் அடிபடுகிறது. கப்பல் பயணம்! முன்பெல்லாம் மதுரைக்காரர்களுக்குக் கப்பல் என்றால் தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி வரும் தெப்பம்தான். இப்போது அப்படி இல்லை. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கை காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருக்கிற குடும்பங்கள், அங்கிருந்து கிளம்பும் கப்பல்களில் மூன்று நாள், நான்கு நாள் போய் வருகின்றன.

போய் வந்தவர்களிடம் நம் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? கடல் எப்படி இருந்தது என்பதில்லை. "அங்க நல்ல காபி கிடைச்சதா?" என்பதுதான். சிரிக்க வேண்டாம், சகோதரிகளே. இந்தக் கேள்விக்குள் நம் வீட்டு விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கேள்விக்குப் பதில். நல்ல காபி கிடைக்கும். ஆனால் தானாகக் கிடைக்காது. கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தில் இலவசமாக வைத்திருக்கும் காபி, பெரிய பாத்திரத்தில் போட்டு மணிக்கணக்காகச் சூட்டில் வைத்திருப்பது. நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். வெள்ளைக்காரர்கள் பழக்கத்துக்கு ஏற்ற மாதிரி தண்ணீராக, பெரிய கோப்பை நிறைய இருக்கும். அதில் ஊற்றிக்கொள்ள ஆறிப்போன பெட்டிப்பால் துளியூண்டு. நம் காபி இதற்கு நேர் எதிர். டிகாஷன் கொஞ்சம், பால் நிறைய. டிகாஷன் கள்ளிச்சொட்டு மாதிரி இருக்க வேண்டும், பால் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். போதாததற்கு நம் பொடியில் சிக்கரி வேறு கலந்திருக்கிறது. (சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அரசு விதி. பாக்கெட்டில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.) இந்த ருசிக்குப் பழகின நாக்குக்குக் கப்பல் காபி வெறும் காபித்தண்ணிதான்.

போன கோடை விடுமுறையில் சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் அழைத்ததால், குடும்பத்தோடு மூன்று ராத்திரி கப்பலில் போனோம். எந்தக் கப்பல் என்பது முக்கியமில்லை. கிளம்பும்போதே என் வீட்டுக்காரர் மின்சாரக் கெட்டில் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "அம்மாவுக்குக் காலையில காபி இல்லாட்டித் தலைவலி வந்துரும், நீ ரூம்லயே போட்டுக் குடுத்துரலாம்" என்றார். கப்பலேறும் இடத்தில் பெட்டியைச் சோதித்துக் கெட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். நாலு பேர் பார்க்க மானம் கப்பலேறியது!

ஆனால் அவர்கள் செய்ததில் தப்பே இல்லை. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடம் ஏது? அதனால்தான் கெட்டில், வெந்நீர் போடும் கம்பி, இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடாகிற சாமான்களைப் பெரும்பாலான கப்பல்களில் அறைக்குக் கொண்டு போக விடுவதில்லை. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஐந்தரை மணி. அத்தையும் மாமாவும் அறை வாசலில் வந்து நின்றார்கள். அத்தை சொன்னார்கள்: "பொடி கொண்டாந்திருக்கேல்ல? எங்கயாச்சும் வெந்நி வாங்கி ஒரு வாய் காபி போட்டுக் குடும்மா." வீட்டுக்காரரும் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். சுற்றிலும் சமுத்திரம். எங்கோ ஒரு நாட்டுப் பக்கம் கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. அங்கேயும் காலையில் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்!

அன்றைக்கு மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் காபி குடிக்கும் பெரியவர்கள் நாலு பேர். காலையில் இரண்டு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. ஒரு நாளைக்கு 12 டம்ளர். வருஷத்துக்கு 4,380. கல்யாணமாகி 16 வருஷம். மொத்தம் 70,080 டம்ளர் காபி! வந்து போகிற விருந்தாளிகளை இதில் சேர்க்கவில்லை.

"காபி போடுறதெல்லாம் ஒரு வேலையா? பத்து நிமிஷம்" என்று சிலர் சொல்வார்கள். பத்து நிமிஷம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்காக ராத்திரியே ஃபில்டரைக் கழுவிப் பொடி போட்டு வைக்க வேண்டும். பால் பாக்கெட் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பால் பொங்காமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். டபரா, டம்ளர் விளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் முதல் ஆளாக எழுந்திருக்க வேண்டும். கடைசியில் நாம் குடிப்பது ஆறின காபி. நான் இதை அலுத்துக்கொண்டு சொல்லவில்லை. என் கையால் போட்ட காபியை மாமா ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தலையாட்டினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வருஷம் முழுக்கச் செய்கிறவளுக்கு மூன்று நாளாவது விடுமுறை வேண்டாமா?

வயதானவர்களுக்குத் தலைவலி வருவதும் நிஜம்தான். தினமும் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் தலையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் காபியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். காபிக்காகவா கை வைத்து உட்காருவது?

வழி இருக்கிறது. கப்பலில் மெஷின் காபி போட்டுக் கொடுக்கும் கவுண்டர் என்று தனியாக இருக்கும். பெரும்பாலும் அதற்குக் காசு. அங்கே போய் "எஸ்பிரஸ்ஸோ, டபுள்" என்று கேட்க வேண்டும். அது மெஷின் அழுத்தத்தில் இறங்கும் கெட்டிக் காபி. பால் சேராது, சின்னக் கோப்பையில் கொஞ்சமாகத் தருவார்கள். அதுதான் நமக்கு டிகாஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே "சூடான பால் தனியாக" என்று கேட்டால் நுரை தள்ளக் கொடுப்பார்கள். சர்க்கரை போட்டு, இரண்டு கோப்பையில் நாலு ஆற்று ஆற்றினால், நம் ஊர்க் காபிக்குப் பக்கத்தில் வந்துவிடும். சிக்கரி வாசனை மட்டும் இருக்காது. விலைதான் ஒரு கோப்பை நம் பணத்தில் முந்நூறு ரூபாய்க்கு மேல் ஆனது. நாலு பேருக்கு இரண்டு டபுள் வாங்கிப் பிரித்துக்கொண்டோம்.

யார் போய்க் கேட்டது தெரியுமா? நான் இல்லை. எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். முதல் நாள் முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டாம் நாள் மாமாவும் கூடப் போனார். மூன்றாம் நாள் இருவரும் அந்தக் கவுண்டர் பையனோடு சிநேகமாகிவிட்டார்கள்! என் பையன் ஒரு கோப்பையைக் கொட்டாமல் கொண்டு வந்து மேல்தளத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் கொடுத்தான். சூடாக இருந்தது. நான் சூடாகக் காபி குடித்து எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன்.

காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. சின்ன எவர்சில்வர் ஃபில்டரும், பிரிக்காத பொடிப் பாக்கெட்டும் எடுத்துப் போகலாம். அந்தக் கப்பலின் விதியை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் கிடைக்கும் வெந்நீரை ஊற்றினால் டிகாஷன் இறங்கிவிடும். ஆனால் ஊரிலேயே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும்: ஒரு நாள் வீட்டுக்காரர், ஒரு நாள் பிள்ளைகள் என்று முறை வைத்து. இல்லாவிட்டால் ஃபில்டரோடு சேர்ந்து நம் வேலையும் கப்பலேறிவிடும்! கடல் ஆட்டத்தில் குமட்டல் வருகிறவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் காபி குடிக்காமல், இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுக் குடிப்பது நல்லது.

சிங்கப்பூரில் இறங்கினால் அந்த ஊர்க் காபியையும் ஒரு தடவை குடித்துப் பாருங்கள். 'கோப்பி' என்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் வாயிலும் கோப்பிதான். சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கறுக்க வறுத்த கொட்டையைப் பொடியாக்கி, நீளமான துணிப்பையில் வடிகட்டி, டின் பால் ஊற்றித் தருகிறார்கள். 'கோப்பி ஓ' என்று கேட்டால் பால் இல்லாமல் வரும். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், "இதக் கப்பல்லயும் வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

யோசித்துப் பார்த்தால், காபியே கப்பலேறி வந்ததுதானே! பாபா புதான் என்ற பெரியவர் ஹஜ் யாத்திரை போய்த் திரும்பும்போது ஏமன் நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டு வந்து, கர்நாடக மலையில் விதைத்தார் என்று சொல்வார்கள். அப்புறம், 1800-களில் இலங்கையில் வெள்ளைக்காரர்கள் போட்ட காபித் தோட்டங்களுக்கு, நம் மதுரை, ராமநாதபுரச் சீமைச் சனங்கள், பெண்களும் குழந்தைகளுமாகத் தோணியேறிப் போய்ப் பாடுபட்டார்கள். 1869-ல் இலை நோய் வந்து அங்கே காபி அழியத் தொடங்கிய பிறகுதான் தேயிலை பெருகியது. இன்றைக்கு நமக்குப் பக்கத்திலேயே சிறுமலையிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காட்டிலும் அருமையான காபி விளைகிறது. இவ்வளவு உறவு இருக்கிற நமக்கு, நம் கரையிலிருந்து கிளம்பும் கப்பலில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி கேட்க உரிமை இல்லையா?

ஆகவே கப்பல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ எந்தக் கப்பல் கிளம்பினாலும், ஒரு பெரிய ஃபில்டரும், பால் கொதிக்க வைக்க ஓர் இடமும், டபரா டம்ளரும், போடத் தெரிந்த ஓர் ஆளும் வையுங்கள். டிகாஷன் போட நெருப்பு வேண்டாம், வெந்நீர் போதும். பாலை மின்சார அடுப்பில் காய்ச்சலாம். நியாயமான விலை வைத்தால் நம் ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தைக் கப்பலிலோ ரயிலிலோ காரிலோ எதில் வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள். கடலைக் காட்டுங்கள், மலையைக் காட்டுங்கள். ஆனால் விடிகாலையில் எழுப்பி "காபி?" என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் போய் ஒரு டம்ளர் வாங்கி வந்து கையில் கொடுத்துப் பாருங்கள். ஊர் சுற்றிப் பார்த்த சந்தோஷத்தைவிட அது ஒரு படி கூடுதலாகவே இருக்கும்.

விடுமுறை என்றால் வீட்டில் இருக்கிற எல்லாருக்கும்தான் விடுமுறை. அடுப்படியில் நிற்பவளை மட்டும் அதில் விட்டுவிடலாமா? மற்ற சகோதரிகள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்களேன்!

- ஒரு வாசகி,
கே.கே. நகர், மதுரை-20.