ஆலயங்களில் றொக் இசை: பாடுவது யார், கேட்பது யார்?

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஞாயிறு காலை வேளைகளில் ஆலய மணியோசையோடு இப்போது வேறு ஓசைகளும் கலந்து வருகின்றன. மாடி மண்டபங்களிலும் வாடகை வீடுகளிலும் கூடுகின்ற சுயாதீன சபைகளில் மின்கிற்றாரும் ட்ரம்ஸும் கீபோட்டும் வழிபாட்டின் இன்றியமையாத உறுப்புகளாகிவிட்டன. அச்சபைகளோடு நின்றுவிடாமல், நூறாண்டு கடந்த திருச்சபைகள் சிலவற்றின் பீடத்தருகேயும் அவை வந்து சேர்ந்துள்ளன. மூத்தோர் முகஞ்சுழிக்கின்றனர். இளையோரோ, இதுவும் இல்லையேல் எதற்காக வரவேண்டும் என்று கேட்கின்றனர். குருமாரும் போதகர்மாரும் இரு தரப்பினருக்குமிடையே அகப்பட்டு, ஓர் ஆராதனையை அமைதியாகவும் மற்றதை ஆரவாரமாகவும் நடத்திச் சமாளிக்க வேண்டியவர்களாக உள்ளனர்.

இது கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம், இதில் ஏனையோருக்கு என்ன அக்கறை என்று இந்து, முஸ்லிம் வாசகர்கள் கருதக்கூடும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளைக் கொண்ட ஒரு நகரில், ஒரு சமூகத்தின் வழிபாட்டோசை மற்றச் சமூகத்தின் படுக்கையறைக்குள் கேட்கின்ற ஒரு நகரில், அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. இதே நகரில் ஓசையின் பெயரால் இரத்தம் சிந்தப்பட்ட வரலாறும் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். புனிதமான வாத்தியம், புனிதமற்ற வாத்தியம் என்ற பாகுபாடு காலத்துக்குக் காலம் மாறியே வந்துள்ளது. 1903ஆம் ஆண்டு பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் விடுத்த ஆணையில் பியானோவும், முரசு, கைத்தாளம் போன்ற ஓசைமிகு கருவிகளும் ஆலயத்தினுள் தடைசெய்யப்பட்டன. அறுபது ஆண்டுகளின் பின்னர், 1963 டிசம்பர் 4ஆம் திகதி இரண்டாவது வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய சாசனம், குழல் ஓர்கனுக்கு உயர்ந்த மதிப்பை அளித்த அதேவேளை, ஏனைய கருவிகளையும் உரிய திருச்சபை அதிகாரிகளின் சம்மதத்தோடு பயன்படுத்தலாம் எனக் கதவைத் திறந்துவிட்டது. நமது நாட்டில் அக்கதவை அதற்கு முன்னரே தட்டியவர்கள் இருந்தனர். அங்கிலிக்கன் திருச்சபையின் வழிபாட்டைச் சிங்கள மரபிசையில் அமைத்தார் தேவார் சூரியசேன. சிங்கள மண்ணின் மெட்டுகளில் கத்தோலிக்கப் பாடல்களைத் தந்தார் மார்சலின் ஜயக்கொடி அடிகளார். இன்று எவரும் அவற்றை அந்நியமாகக் கருதுவதில்லை.

றொக் இசை வந்த வழி வேறு. 1960களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்களை அரவணைத்த சபைகளில் அது வழிபாட்டுக்குள் புகுந்தது. 1983இல் சிட்னியில் தொடங்கிய ஹில்சோங் சபை அதனை உலகளாவிய தொழிலாகவே வளர்த்தெடுத்தது. கசெட்டிலும் இறுவட்டிலும் பின்னர் யூடியூப்பிலும் அப்பாடல்கள் கொழும்பை வந்தடைந்தன. தமிழில் இதற்கு ஈடாகப் பரவியவை, ஒருகாலத்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்த எஸ்.ஜே. பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் போன்றவையாகும். இவற்றின் எளிய மெட்டுகளைத் தமிழ்க் கிறிஸ்தவ உலகம் சபை வேறுபாடின்றிப் பாடியது.

எதிர்ப்புக்கும் வலுவான குரல்கள் இருந்தன. பின்னாளில் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் ஆகிய கர்தினால் றட்சிங்கர், 2000ஆம் ஆண்டு வெளிவந்த திருவழிபாடு பற்றிய தமது நூலில், பெருந்திரளான றொக் நிகழ்ச்சிகள் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு மாறான ஒருவகை வழிபாடாகவே ஆகிவிடுகின்றன என வாதிட்டார். அவரது காலத்தில் வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயத்தின் செயலாளராகப் பணியாற்றியவர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை. 2009இல் கொழும்புப் பேராயராகப் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே, திருப்பலியில் தனிப்பட்ட புதுமைகளைப் புகுத்தலாகாது, நற்கருணையை முழந்தாளிட்டு நாவில் பெறவேண்டும் என்பன போன்ற நெறிமுறைகளை அவர் வெளியிட்டார். ஆகவே கொழும்பில் இவ்விவாதம் வெறும் இசை ரசனை பற்றியதாக இருக்கவில்லை. கத்தோலிக்கப் பீடம் ஒரு பக்கமும், சுதந்திர சபைகள் மறுபக்கமும் இழுக்க, மெதடிஸ்த, அங்கிலிக்கன் திருச்சபைகள் நடுவில் நின்றன.

இவ்விடத்தில் தமிழர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மேலைநாட்டு இசையை எதிர்ப்போர், நமது மரபுக்கு அது ஒவ்வாதது என்கின்றனர். எந்த மரபுக்கு? தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) தமிழிசையில் கீர்த்தனைகள் இயற்றி வழிபாட்டுக்குக் கொணர்ந்தபோது, அவற்றை ஏற்க மறுத்தவர்கள் புதிதாக வந்த மிஷனரிமார். ஐரோப்பியப் பாட்டுகளின் மொழிபெயர்ப்பே ஆலயத்துக்கு உகந்தது என்பது அவர்கள் கருத்து. ஆயினும் 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பின்னர் நிலைமை மாறியது. இன்று கீர்த்தனை இல்லாத தமிழ் ஆராதனை இல்லை. அதே சாஸ்திரியார் ஆலயத்தில் சாதிப் பிரிவைக் காக்க வாதாடியவர் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. ஆலயத்துள் நுழைந்த தமிழிசை, உயர்சாதியார் கையிலிருந்த தமிழிசையே.

மதுரையிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, 2005இல் காலமாகும்வரை இதனைத்தான் சுட்டிக்காட்டி வந்தார். பறட்டை என்ற பெயரால் அறியப்பட்ட அவர், பறை உள்ளிட்ட கிராமத்துக் கருவிகளோடும் கிராமத்துத் தமிழோடும் வழிபாட்டு முறையொன்றையே ஆக்கினார். அது சில இடங்களில் வேரூன்றியது. பல ஆலயங்களின் வாசலிலேயே நின்றும் போனது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பறை எந்தச் சாதியாரோடு பிணைக்கப்பட்டுள்ளது, அது எந்த வீட்டு வாசலில் எந்த வேளையில் அடிக்கப்படும் என்பதை நாம் அறிவோம். பறைக்குத் திறக்காத கதவு ட்ரம்ஸுக்கு ஒரே தலைமுறையில் திறந்துவிட்டது. இரண்டும் தோலில் அடித்து எழுப்பும் ஓசைதான். ஒன்று நம்மவரில் தாழ்த்தப்பட்டோரின் கையிலிருந்து வந்தது. மற்றது கப்பலேறி வந்தது. மரபு பேசுவோரும் புதுமை பேசுவோரும் இந்த ஒரு விடயத்தில் ஒன்றுபட்டு நிற்பது வியப்புக்குரியது.

ஆதலால் றொக் இசை அந்நியமானது என்ற வாதத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஓர்கனும் அந்நியமே. நமது ஐயம் வேறொன்று: பாடுவது யார்?

கீர்த்தனையை ஒருவர் ஆர்மோனியத்தில் எடுத்துக்கொடுக்க, ஊரே பின்தொடரும். சுருதி பிசகும், தாளம் இழுபடும். ஆனால் வாய் திறக்காதவர் இல்லை. மின்னிசைக் குழு வந்ததும் மேடைக்கு வெளிச்சம் வருகின்றது. பாடகர் தமது குரலுக்கு ஏற்ற உயர்ந்த சுருதியில் பாடுகிறார். ஐம்பது வயதுத் தாய்மாருக்கு அது எட்டுவதில்லை. பாட்டு மாதத்துக்கு மாதம் மாறுகின்றது. மனதில் படிவதற்கு முன்னரே திரையிலிருந்து மறைந்துவிடுகின்றது. தம்முடைய குரல் தமக்கே கேட்காத அளவுக்கு ஒலிபெருக்கி முழங்கும்போது, மனிதர் பாடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்குகின்றனர். சபையாக வந்தவர்கள் இரசிகர்களாகத் திரும்புகின்றனர்.

பழைமைவாதிகள் இதைக் கேட்டு மகிழ்ந்துவிடத் தேவையில்லை. அவர்கள் ஏங்கும் பொற்காலத்தில், இலத்தீன் பூசையில் பாடகர் குழு பாடிக்கொண்டிருக்க, கொட்டாஞ்சேனைப் பரதரும் ஏனைய தமிழ்ச் சனங்களும் பொருள் விளங்காமல் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தனர். சபையின் வாயை அடைத்தது ட்ரம்ஸ் மட்டுமன்று. அக்காலத்திலும் மக்களின் குரல் ஒலித்த இடம் ஒன்றுண்டு. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676-1742) எழுதிய வியாகுல பிரசங்கம் தபசுகாலத்தில் எவ்வித வாத்தியமுமின்றி ஒப்பாரியின் இழுவையில் ஓதப்படும்போது, எழுத்தறியாத முதியோரும் விம்மியழுதனர். கோவாவிலிருந்து வந்த ஒரு கொங்கணிக்காரர் தமிழ்ச் செவியை அறிந்த அளவுக்கு, இன்றைய இசைக்குழுக்கள் அறிந்துள்ளனவா என்பது கேட்கத்தக்க கேள்வி.

இதனோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினர், இசை அங்கேதான் இருக்கின்றது என்பதற்காக ஆங்கில ஆராதனைக்குச் செல்கின்றனர். பெற்றோர் தமிழ் ஆராதனையில் அமர்ந்திருக்கின்றனர். ஒரே குடும்பம் ஒரே கடவுளிடம் இரு மொழிகளில், இரு மண்டபங்களில் மன்றாடுகின்றது. கொழும்பில் தமிழ் கேட்கும் பொது இடங்கள் மிகச் சிலவே என்ற நிலையில், தமிழ் ஆராதனை முதியோருக்கு மட்டும் உரியதாகிவிடுமாயின் இழப்பு கிறிஸ்தவர்களுக்கு மாத்திரமன்று. இந்த இழப்புக்குப் பொறுப்பானது கிற்றார் அல்ல. கிற்றாருக்கு நல்ல தமிழில் பாட்டெழுதாமல் விட்ட நாம்தான். தமிழில் வரும் புதிய பாடல்களிற் பல ஆங்கிலத்தின் நிழல்களாகவே உள்ளன.

இளையோரின் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. சீயோனில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் மடிந்தனர். அதன் பின்னரும் ஆலயத்துக்கு வருகின்ற ஓர் இளைஞன், உரத்துப் பாட விரும்புவதைக் கேளிக்கை எனத் தள்ளிவிடுவது எளிது, நியாயமன்று. கைதட்டிப் பாடுவோரை நாகரிகமற்றவர்களாக நோக்கும் பார்வையில் வர்க்கச் செருக்கும் கலந்துள்ளது. 1920களில் கொழும்பிலேயே வேர்விட்ட சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் காலத்திலிருந்தே அந்தப் பார்வை இருந்து வருகின்றது.

இனி வெளியே வருவோம். 1883 மார்ச் 25ஆம் திகதி, அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறு, கொட்டாஞ்சேனையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கி வாத்தியங்களுடன் சென்ற பௌத்த ஊர்வலம், புனித லூசியா பேராலயத்தை அண்மித்தபோது கத்தோலிக்கர் திரண்டு தாக்கினர். உயிரிழப்பும் நேர்ந்தது. நீதி கோரி 1884இல் ஒல்கொட் இலண்டன் சென்றதும், மறுவருடம் வெசாக் பொது விடுமுறையானதும் அதன் விளைவுகளே. 1915இல் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்டு நாடெங்கும் பரவிய வன்செயல்களின் தொடக்கமும், பள்ளிவாசலின் முன்னால் ஊர்வலம் வாத்தியம் இசைத்துச் செல்லலாமா என்ற பிணக்குத்தான். கம்பளைப் பெரஹராவின் வழக்கு அதற்கு முன்னரே நீதிமன்றங்களில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஒலிபெருக்கியே இல்லை என்பதை நினைவிற்கொள்க.

2007 நவம்பர் 9ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை முஸ்லிம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெலிகமைப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த அவ்வழக்கில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான நீதியரசர்கள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்றும், ஏனைய வேளைகளிலும் ஓசை வளாகத்தைத் தாண்டாதிருக்க நிபந்தனை விதிக்கவேண்டும் என்றும் பணித்தனர். சுபஹுத் தொழுகையின் அதான் இதனாற் பாதிக்கப்பட்டது என்ற மனக்குறை முஸ்லிம்களிடையே எழுந்தது. அத்தீர்ப்பு பள்ளிவாசலுக்கு மட்டும் உரியதன்று. விகாரையின் பிரித் ஓதலுக்கும், கோவில் திருவிழாவுக்கும், மாடி மண்டபத்து ட்ரம்ஸுக்கும் அது பொருந்தும். சட்டத்தை ஒருவருக்குக் காட்டி மற்றவருக்கு மறைக்கும்போதுதான் நெருப்பு பற்றுகின்றது.

சுயாதீன சபைகளின் நிலையோ மேலும் நொய்மையானது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கொணர்ந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் நிறைவேறவில்லை. ஆயினும் 2008இல் மத விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சு, புதிய வழிபாட்டிடங்களை அமைக்க முன் அனுமதி வேண்டுமெனச் சுற்றுநிருபம் வெளியிட்டது. வீடுகளில் கூடும் சிறு சபைகளை மூடுவதற்கு அது ஆயுதமாகியது. அத்தகைய இடத்தில் அயலவரின் சத்தப் புகார் உண்மையான தொல்லையினால் எழுந்ததா, பகைமைக்குப் போர்த்திய போர்வையா எனப் பிரித்தறிவது பொலிஸாருக்கு எளிதன்று. பல வேளைகளில் அவர்கள் அதற்கு முயல்வதுமில்லை. தொல்லை இல்லாதிருந்தால் போர்வைக்கும் இடமிராது. ஒலியைக் குறைப்பதற்கு இறையியல் விவாதம் தேவையில்லை. தடித்த திரைச்சீலைகளும், மூடிய சாளரங்களும், பாடகரின் ஒலிவாங்கியைச் சற்றே தாழ்த்தத் துணிகின்ற ஒரு மூப்பரும் போதும். அப்போது சபையின் குரலும் மேலெழும்பும்.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் வருவோரில் இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் உண்டு. எந்த இசைக்குழுவும் அவர்களை அழைத்து வரவில்லை. மெழுகுதிரியை ஏற்றிவிட்டு, திருச்சுரூபத்தின் கண்ணாடியைத் தொட்டு, தத்தம் மொழியில் ஏதோ முணுமுணுத்துச் செல்கின்றனர்.