பிளாஸ்டிக் புல்லும் நாயின் உள்ளங்காலும்

சித்திரை மாசம் நாகர்கோவில் பக்கத்துல தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் ரெண்டு மணி வெயில். புறவாசலைத் திறந்தா பச்சைப்பசேல்னு புல்லு. ஒரு இலை பழுக்கல்ல, ஒரு களை இல்ல. நடுவுல அவன் வளர்க்குற லாப்ரடார் நாய் முன்னங்கால் ரெண்டையும் மாத்தி மாத்தித் தூக்கிட்டு நிக்குது.

"என்ன மக்கா, நாய் காவடி ஆடுது?"

"விளையாடுது பெரியப்பா. அது ஓடி விளையாடத்தான் போட்டிருக்கு. ஆர்ட்டிஃபிஷியல் கிராஸ். பெங்களூர்ல எல்லாரும் போடுதாவ."

செருப்பைக் கழற்றி வச்சுட்டு நானும் ஏறி நின்னேன். ஐம்பது வருஷம் வரப்புல வெறுங்காலோட நடந்து காய்ச்சுப்போன கால் இது. பத்து எண்ணுறதுக்குள்ள இறங்கிட்டேன். நாயால இறங்க முடியாது. சுத்திக் கம்பிவேலி.

பசும்புல் வேர் வழியா தண்ணியைக் குடிச்சு இலை வழியா ஆவியா விடும். அதனாலதான் வெயில்லயும் குளுகுளுன்னு இருக்கு. பிளாஸ்டிக் எதைக் குடிச்சு எதை விடும்? அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில 2002-ல அளந்து பார்த்தாங்க. 98 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் செயற்கைப் புல்லோட மேற்பரப்பு 200 டிகிரி காட்டியிருக்கு. நம்ம ஊர் சித்திரை வெயிலும் லேசுப்பட்டது இல்ல. நாய்க்கு நம்மளைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. உள்ளங்கால்ல கொஞ்சம் வேர்க்கும், மீதிச் சூட்டை நாக்கைத் தொங்கப்போட்டு இளைச்சுத்தான் ஆத்தணும். அந்த உள்ளங்காலையே கொண்டுபோய்த் தோசைக்கல்லுல வைக்கிறோம்.

இந்தச் சாமான் பேர் வாங்கின கதை தெரியுமா? ஹூஸ்டன் நகரத்துல ஆஸ்ட்ரோடோம்னு கூரை போட்ட விளையாட்டரங்கம் 1965-ல திறந்தாங்க. கூரை வழியா வர்ற வெளிச்சம் ஆட்டக்காரங்க கண்ணைக் கூசுதுன்னு கூரைப் பலகைகளுக்குப் பெயின்ட் அடிச்சாங்க. வெயில் கிடைக்காம உள்ளே இருந்த நிஜப் புல்லு செத்துப்போச்சு. 1966-ல அதுக்குப் பதிலா விரிச்சதுதான் நைலான் புல்லு. சூரியன் புகாத இடத்துக்கு விரிச்சதை, சூரியனைத் தவிர வேற ஒண்ணும் புகாத புறவாசலுக்கு நாம கொண்டு வந்திருக்கோம்.

லாஸ் வேகாஸ்காரன் போட்டா அதுல ஒரு நியாயம் இருக்கு. வருஷத்துக்கு நூறு மில்லிமீட்டர் மழைதான் அவனுக்கு. ரோட்டோர அலங்காரப் புல்லை எடுக்கச் சொல்லி 2021-ல அங்கே சட்டமே போட்டாச்சு. எங்க ஜில்லாவுக்கு கன்னிப்பூவுக்கு ஒரு மழை, கும்பப்பூவுக்கு ஒரு மழைன்னு ரெண்டு மழைக்காலம். இங்கே புல்லு வளராம இருக்கத்தான் கூலி கொடுக்கணும்! அருகம்புல்லைப் பிடுங்கிப் பிடுங்கியே என் முதுகு வளைஞ்சுது. அந்த அருகோட பிளாஸ்டிக் நகலுக்கு இவன் கொடுத்த பணம், ஒரு ஏக்கர் கும்பப்பூ அறுத்தா என் கையில மிஞ்சுறதைவிட ஜாஸ்தி.

இனி மூத்திரம். (சாப்பிடும்போது வாசிக்கிறவங்க அப்புறமா வாங்க.) அதுல இருக்கிறது யூரியா. அதைத்தான் நான் 45 கிலோ மூட்டையா சொசைட்டியில வாங்கி வயலுக்கு வீசுறேன். மண்ணுல விழுந்தா நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கி வேருக்குக் கொடுக்கும். ஒரே இடத்துல தினமும் பெய்ஞ்சா அருகும் கருகும்தான். ஆனா ஒரு மழையில திரும்ப வந்திரும். பிளாஸ்டிக்கு மேல அம்மோனியாவோட கதை நின்னுபோகும், மூக்கைத்தான் துளைக்கும். அதுக்கு இவன் தினமும் போர்த்தண்ணியைப் பீய்ச்சி, வாசனைத் திரவம் ஊத்திக் கழுவுறான். தண்ணி மிச்சம்னு சொல்லித்தான் அவன்கிட்ட வித்திருக்காங்க.

அவன் பக்கத்தையும் சொல்லணும். மழைக்காலத்துல நாய் சகதியோட வீட்டுக்குள்ள வருது, உண்ணி ஏறுதுங்கான். சகதி ஏன் வருது? வயல் களிமண்ணுக்கு மேல செம்மண்ணை லோடு லோடா அடிச்சு ரோலர் ஓட்டினா தண்ணி எங்கே இறங்கும்? உண்ணிக்கும் புல்லை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. நாய்மேல சாதாரணமா பார்க்குற அந்தப் பழுப்பு உண்ணி சுவர் வெடிப்பிலயும் கதவு இடுக்கிலயும் ஒளிஞ்சு முட்டை இடும். கூண்டைச் சுத்தம் பண்ணணும், மாட்டாஸ்பத்திரியில கேட்டு மருந்து போடணும்.

ஆறாவது மாடி பால்கனியில ஒரு முழத்துண்டு விரிச்சு நாயை ஒண்ணுக்குப் போகவைக்கிற உங்களை நான் ஒண்ணும் சொல்லல்ல. உங்களுக்கு மண்ணு கிடையாது, என்ன செய்வீங்க? காலுக்குக் கீழே மண்ணு இருந்தும் மூடுறவங்ககிட்டதான் எனக்குச் சண்டை. அந்த வீடு நிக்கிறது எங்க குடும்ப வயல்ல. 1906-ல பேச்சிப்பாறை அணை கட்டி முடிச்சு, அந்தத் தண்ணியில ரெண்டு பூ விளைஞ்ச நிலம். அதுல என் பங்கை வித்தது நான்தான், மூத்தவ கல்யாணத்துக்கு. அதனால இதைப் பேச எனக்கு யோக்கியதை இல்லன்னு நீங்க சொன்னா மறுக்க மாட்டேன். ஆனா வெயில்ல நைஞ்சு உதிருற அந்தப் பச்சை நார் மழைத்தண்ணியோட ஓடையில இறங்கும். ஓடைத்தண்ணி குளத்துக்கு, குளத்துத்தண்ணி மிச்சமிருக்கிற வயலுக்கு. அது விளையிற நெல்லைத்தான் நீங்களும் நானும் திங்கணும்.

அவன்கிட்ட நான் சொன்னது பெரிய காரியம் ஒண்ணுமில்ல. சிமென்ட்டை ஒரு அரை சென்ட் அளவுக்கு உடை. ஒரு முருங்கைக் கம்பை ஊணு, நிழல் வரும். ஒரு மூலையில மணல் குவிச்சுப்போடு, நாய் தோண்டிப் படுக்கட்டும். சூட்டுக்கு ஈர மண்ணைத் தோண்டிப் படுக்க அதுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மீதி இடத்துக்கு அருகு நான் தாறேன், சும்மா.

"பார்க்கலாம் பெரியப்பா"ன்னான்.

போன வாரம் மழை பெய்ஞ்ச மறுநாள் போன் பண்ணினான். நாய் ஒரு மூலையைப் பிறாண்டிக் கிழிச்சுட்டாம். கான்ட்ராக்டர் வந்து ஒட்டித் தாறேன்னு சொல்லியிருக்கானாம். ஒட்ட வேண்டாம்னு சொன்னேன். இன்னும் பதில் இல்ல. ஒரு சாக்கு நிறைய அருகம்புல் கட்டை எடுத்து, தண்ணி தெளிச்சு, தொழுவத்து நிழல்ல வச்சிருக்கேன்.