அலமாரியில் இருக்கிறது, திரையில் இல்லை

நூலகத்தில் ‘இல்லை’ என்பது பொறுப்போடு சொல்ல வேண்டிய பதில். கேட்ட புத்தகம் இல்லை என்று சொல்வதற்கு முன் பழைய நூலகர் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்ப்பார், அட்டைகளைப் புரட்டுவார், இரவலில் போயிருக்கிறதா, பைண்டிங்குக்குப் போயிருக்கிறதா என்று விசாரிப்பார். இன்று அந்தப் பதிலை ஒரு தேடல் பெட்டி அரை நொடியில் சொல்லிவிடுகிறது: ‘முடிவுகள் ஏதுமில்லை’. வாசகரும் நம்பிப் போய்விடுகிறார். ஆய்வு மாணவராக இருந்தால், அந்த நூல் கிடைக்கவில்லை என்று ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலேயே எழுதிவிடுகிறார். நூலோ இரண்டாவது மாடியில், சரியான வகைப்பாட்டு எண்ணோடு, ஒழுங்காக நின்றுகொண்டிருக்கும்.

மென்பொருள் அப்படி, நாம் என்ன செய்ய முடியும் என்பதே நம் தொழிலில் பொதுவாகக் கேட்கும் சமாதானம். இதை ஏற்பதற்கில்லை. அட்டைப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்றிருந்த நாம், அட்டைகள் கணினிக்குள் போன அன்றே தேடலைத் தூக்கி ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டோம். நம்மில் பலர் தம் நூலகத்து நூலையே கூகுளில்தான் தேடுகிறோம். வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

உ.வே.சா. பதிப்பு ஒன்றைத் தேடி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ‘உ.வே.சாமிநாதையர்’ என்று இடைவெளி விடாமல் அடிக்கிறார். பட்டியலில் ‘சாமிநாதையர், உ. வே.’ என்று இருக்கிறது. இடைவெளி இல்லாததால் சில தேடுபொறிகள் முழுவதையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு சொல் பட்டியலில் கிடையாது. இடைவெளி விட்டு அடித்தால் ‘உ’, ‘வே’ இரண்டும் மிகச் சிறிய சொற்கள் என்று கழிக்கப்படலாம். ‘சாமிநாத ஐயர்’ என்று பிரித்து அடித்தாலோ, ‘சுவாமிநாதையர்’ என்று அடித்தாலோ மறுபடியும் வெறும் திரை. சட்டென்று ‘உ.வே.சா.’ என்று மட்டும் அடிக்கிறவர்தான் அதிகம். அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் உ.வே.சா.வைப் பற்றிய நூல்கள், உ.வே.சா. பதிப்பித்தவை அல்ல. தமிழில் அச்சான நூல்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் நூலகம் ஒன்றில், அச்சுக்குக் கொண்டுவந்தவரையே கண்டுபிடிக்க முடியவில்லை.

இது பெயர்ச் சிக்கல். எழுத்திலேயே உள்ள சிக்கல் இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. ‘ஔவையார்’ என்பதன் முதல் எழுத்தை ‘ஔ’ என்று ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம்; ‘ஒ’ அடித்து அதன் பக்கத்தில் ‘ள’ அடித்தும் ஒப்பேற்றலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு ஆட்கள். ‘பௌத்தம்’, ‘மௌனி’, ‘கௌதமன்’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ ஒரு பட்டியலில் கிடைக்காமல் போக, உள்ளீடு செய்தவர் ஔகாரச் சிறகுக்குப் பதில் ஒரு ‘ள’ தட்டியிருந்தால் போதும். ‘கொ’ என்ற எழுத்தையும் இரண்டு வகையில் சேமிக்க முடியும்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. ஆனால் இதற்கு ஒருங்குறித் தரத்திலேயே சீராக்கும் முறை உண்டு, அதை இயக்கினால் சரியாகிவிடும். ஔகாரத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ‘ள’வை அந்த முறை தொடாது, அதைத் தமிழ் தெரிந்தவர்தான் விதி எழுதித் திருத்த வேண்டும். ‘ஸ்ரீ’ என்பதற்கும் இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. ‘ஶ’ என்ற எழுத்து 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த பிறகு, சில விசைப்பலகைகள் அதைக் கொண்டும் மற்றவை ‘ஸ’வைக் கொண்டும் ஸ்ரீ எழுதுகின்றன. தல புராணங்கள் நிறைந்த நம் பட்டியல்களில் எத்தனை தலைப்புகள் ஸ்ரீயில் தொடங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

புள்ளியின் வேலை வேறு மாதிரி. சொல்லை வெட்டி, நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம் என்று வாசகருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் ‘தமிழ்*’ என்று அடிக்கிறார். தமிழ்நாடு வரும். தமிழர், தமிழகம், தமிழில் எதுவும் வராது. ஒருங்குறியில் புள்ளி என்பது மெய்யெழுத்துக்குப் பின் வரும் தனிக் குறி. ‘தமிழர்’ என்ற சொல்லில் ழகரத்துக்குப் பின் அந்தக் குறி இல்லை. புள்ளியை அழித்துவிட்டு ‘தமிழ*’ என்று அடித்தால் எல்லாம் வரும். இது நம் பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி. பத்தாண்டு பணி செய்தவர்களில்கூடப் பலருக்குத் தெரியவில்லை. வெட்டுவதற்கும் அளவு உண்டு. ‘மர*’ என்றால் மரங்களும் மரத்தையும் வரும். கூடவே மரபும் மரணமும் வரும். ‘நாட*’ என்றால் நாடும் நாட்டின் வரலாறும், ஒரு கட்டு நாடகங்களும்.

வேற்றுமை உருபைக் களைந்து அடிச்சொல்லைப் பிடிக்கும் நிரல்கள் தமிழுக்கு இல்லாமல் இல்லை. ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கு ஒன்று இருக்கிறது. 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12-ஆம் பதிப்பிலேயே அது சேர்ந்துவிட்டது. குறைகள் உள்ளதுதான். ஆனாலும் இருப்பதை முடுக்கிவிடக்கூட யாரும் கேட்கவில்லை என்பதே நம் புகார்.

மென்பொருளோடு இயல்பாக வரும் அமைப்புகளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம் அட்டவணைகளில் இயங்கும் பட்டியல்கள் இன்னும் பல நிறுவனங்களில் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் முழுஉரைத் தேடலில் இரண்டு இயல்பு விதிகள்: நான்கு குறிகளுக்குக் குறைந்த சொல்லைப் பொருட்படுத்தாதே, பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் வரும் சொல்லை விட்டுவிடு. முதல் விதியால் இசை, கதை, உரை, ஊர் ஆகிய நான்கும் காணாமல் போகின்றன. ஒவ்வொன்றும் மூன்றே குறிகள். இரண்டாவது விதி எழுதியவர்கள் ஆங்கிலத் தரவுகளை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள். தமிழ் நூல்களின் பட்டியலில் ‘தமிழ்’ என்று தேடினால், அந்தச் சொல் பாதிக்கு மேல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஒன்றுகூட வராமல் போகலாம்.

கைபேசிச் செயலிகளிலும் குறுவட்டுத் தொகுப்புகளிலும் பயன்படும் எஸ்கியூலைட் இன்னும் வேடிக்கை. அதன் ‘யுனிகோட்61’ சொற்பிரிப்பான் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கும். மற்றதெல்லாம் அதற்குச் சொல்லுக்கு இடையே உள்ள வெற்றிடம். தமிழின் துணையெழுத்துகளும் புள்ளியும் ஒருங்குறி வகைப்பாட்டில் ‘எழுத்து’ அல்ல, ‘குறி’. விளைவு: ‘கோயில்’ என்ற சொல் அதற்கு க, ய, ல என்று மூன்று உதிரி எழுத்துகள். ‘குயில்’ என்பதும் க, ய, ல. கோயில் கல்வெட்டுகளைத் தேடுகிறவருக்குப் பாரதியின் குயில் பாட்டும் பாரதிதாசனின் ‘குயில்’ இதழும் வந்து நிற்கும். இதைத் திருத்த ஒரு வரி போதும்: சொல்லின் பகுதியாக ஏற்க வேண்டிய வகைகளில் குறிகளையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். கோகா நூலக மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கும் இதே அறிவுரை. சேப்ரா தேடுபொறியில் சிஎச்ஆர், ஐசியு என்று இரண்டு வழிகள் உண்டு. இலத்தீன் அல்லாத எழுத்துகளுக்கு ஐசியு-தான். உங்கள் நூலகத்தில் எது ஓடுகிறது என்று நாளைக் காலையே கேட்டுவிடலாம்.

பிடிஎஃப் கோப்புகளைப் பற்றித் தனி இதழே போடலாம். ஒருங்குறிக்கு முன் பேஜ்மேக்கரில் வடிவமைத்த நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் அப்படியே மின்னூலகங்களில் ஏற்றப்பட்டிருக்கின்றன. திரையில் அழகான தமிழ். உள்ளே இருப்பதோ எழுத்துருவின் விசை அடுக்கு. பாமினி எழுத்துருவில் அச்சுக்கோத்த ஒரு பக்கத்தில் ‘தமிழ்’ என்ற சொல் ஆங்கில எழுத்துகளாக ஜே, கே, பி, ஓ என்று உட்கார்ந்திருக்கும், கடைசியில் புள்ளிக்கு ஓர் அரைப்புள்ளி. அந்த ஐந்தையும் வரிசையாக அடித்தால்தான் அந்தப் பக்கம் அகப்படும். குறிமாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் தம் பழைய குறிமுறைக் கோப்புகளை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தார்கள். ஊதியம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஒளிவருடிய பழைய நூல்களில் எழுத்துணரி செய்யும் பிழைகள் வேறு: ரகரமும் காலும் இடம் மாறும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள் அதற்குப் புரியாது, தமிழ் எண் ‘௧’ ககரமாகும். இவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். ஆனால் முழுப் பாடத்தையும் திருத்த வேண்டாம். தலைப்பு, ஆசிரியர், பொருளடக்கப் பக்கம் இவை மட்டும் சரியாக இருந்தாலே தேடலின் பெரும்பகுதி பிழைத்துக்கொள்ளும்.

உரோமன் எழுத்துப் பெயர்ப்பைப் பற்றி ஒரு வரி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டியல்களில் ‘காந்தி’ என்று தொடங்கும் தமிழ்த் தலைப்பு ‘கே’ எழுத்தின் கீழ் இருக்கும். நம் மாணவர்கள் ‘ஜி’யில் தேடிச் சலித்துத் திரும்புவார்கள். பதிவில் தமிழ் எழுத்தையும் உடன் தருவதே இதற்கு மருந்து.

அட்டைப் பட்டியல் காலத்தில் ‘காண்க’ என்று ஓர் அட்டை இருந்தது. சொ. விருத்தாசலம் என்று தேடிப் போனால் ‘புதுமைப்பித்தன் காண்க’ என்று அது கைகாட்டும். ரா. கிருஷ்ணமூர்த்திக்கு அப்படியே ‘கல்கி காண்க’. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அந்த ஒற்றை அட்டை அதைத்தான் செய்தது. கணினிமயமாக்கத்தின்போது நூல்களின் அட்டைகளை உள்ளீடு செய்தார்கள், ‘காண்க’ அட்டைகளை எடைக்குப் போட்டார்கள். அவற்றுக்குச் சேர்க்கை எண் இல்லையே, பதிவு ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கில் அவை வரவில்லை! மூன்று தலைமுறைப் பட்டியலாளர்களின் அறிவு அந்த இழுப்பறைகளில் இருந்தது. எங்காவது இன்னும் இழுப்பறைகள் அப்படியே இருந்தால், தயவுசெய்து காலி செய்ய விடாதீர்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவுத் தேடல் என்று விற்பனையாளர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் கண்டுபிடிக்கும், பொருளைப் புரிந்துகொள்ளும் என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். எங்கள் தயக்கம் வேறொன்று: அது ஒருபோதும் வெறுங்கையாக அனுப்பாது. தேடிய நூல் கிடைக்காவிட்டால் அதைப் போன்ற பத்தைக் கொண்டுவந்து பரப்பும். வெறும் திரையாவது வாசகருக்குச் சந்தேகத்தைக் கிளப்பும், மேசைக்கு வந்து கேட்க வைக்கும். பத்து நூல்கள் வந்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஔகாரம் பிழையாக இருக்கும் பதிவு அடியில் அப்படியே கிடக்கும். முதலில் தரவைச் சீர்செய்துவிட்டு அதன்மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்.

நாம் கேட்பது பெரிதல்ல. வெறும் திரையில் முடிந்த தேடல்களை எல்லாம் கோப்பாகச் சேமிக்கச் சொல்லி, வாரம் ஒருமுறை அதை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். நூலகத்தின் எந்த ஆண்டறிக்கையையும்விட அந்தக் கோப்பு அதிகம் சொல்லும்: வாசகர்கள் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள், எந்தப் பெயரால் யாரைத் தேடுகிறார்கள், நம்மிடம் உண்மையிலேயே எது இல்லை என்று. தேடியவரின் அடையாளம் அதில் இருக்கக் கூடாது; சொல் மட்டும் போதும். அடுத்த ஒப்பந்தப் புள்ளி கோரும்போது, நம் நூலகத்தில் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஐம்பது நூல்களுக்கான தேடல்களை, வாசகர் அடிக்கக்கூடிய எல்லா வடிவங்களிலும், பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும். அவை கிடைத்த பிறகே கடைசித் தவணை. இந்தப் பட்டியலைத் தயாரிக்கப் பட்டியலாளர் வேண்டும். பல நூலகங்களில் அந்த இருக்கையில் இன்று தனியாக யாரும் இல்லை, இரவல் மேசைக்காரரே இடையிடையே பார்த்துக்கொள்கிறார். மென்பொருள் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியை அந்த இருக்கைக்குக் கேளுங்கள். நிர்வாகம் காரணம் கேட்டால், அந்த வாரக் கோப்பில் ஒரு பக்கத்தை அச்செடுத்து மேசைமேல் வையுங்கள்.